கேடி: வினையிலிருந்து பெயருக்கு – முத்திரைக் கோட்பாட்டு நோக்கில் வடசென்னையின் குற்றச்சொற்கள்

ஆய்வுச்சுருக்கம்

நெறிபிறழ்வு என்பது செயலில் மட்டும் உறைவதன்று. அச்செயலுக்குப் பிறர் ஆற்றும் எதிர்வினையிலும் உருவாவது என்பது முத்திரைக் கோட்பாட்டின் அடிப்படைக் கருத்து. இக்கோட்பாட்டைத் தமிழ் இலக்கணம் வகுத்த வினை, வினையாலணையும் பெயர், பெயர் ஆகிய பாகுபாட்டின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது. 'கேடி', 'குண்டர்', 'ரவுடி' ஆகிய சொற்களின் வழக்காறும் வடசென்னை என்னும் இடப்பெயர் ஏற்ற பொருட்சுமையும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. முத்திரையிடல் என்பது காலம் காட்டும் வினையைக் காலம் காட்டாப் பெயராக மாற்றும் சமூகச் செயல் என்பது கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: நெறிபிறழ்வு, முத்திரைக் கோட்பாடு, இடைவினை, காரண இடுகுறி, சரித்திரப் பதிவேடு, சீர்மரபினர், வடசென்னை.

முன்னுரை

சென்னை ஜார்ஜ் டவுனின் மேற்கு விளிம்பில், வால்டாக்ஸ் சாலையை ஒட்டி அமைந்துள்ள பகுதி யானைக்கவுனி. பிரெஞ்சுப் படையின் முற்றுகையும் (1758-59) ஐதர் அலியின் படையெடுப்பும் விளைவித்த அச்சத்தால், அன்று கறுப்பர் நகரம் எனப்பட்ட குடியிருப்பைச் சுற்றிக் கிழக்கிந்தியக் கம்பெனியார் மதில் எழுப்பினர். அம்மதிலின் வாயில்களுள் ஒன்றே யானைக்கவுனி. 'கவுனி' என்பது கோட்டை வாயிலைக் குறிக்கும் சொல். மதிற்செலவுக்காகக் குடிகளிடம் வரி தண்ட எண்ணிய செய்தியைச் சாலையின் பெயர் இன்றும் சுமந்து நிற்கிறது. மதிலின் பெரும்பகுதி போயிற்று, வாயிலும் போயிற்று. பெயர்கள் எஞ்சின.

காரணம் மறைந்த பின்னும் பெயர் நிலைப்பது இடங்களுக்கு நேரும்போது அது வரலாற்றுச் செய்தி ஆகிறது. மனிதருக்கு நேரும்போது அதன் விளைவு வேறு. இருபது வயதில் ஒரு வழக்கில் சிக்கியவர் நாற்பது வயதிலும் அவ்வழக்கின் பெயராலேயே அழைக்கப்படுவாரானால், வேலை, வாடகைவீடு, திருமணம், பிள்ளையின் பள்ளி வாழ்க்கை என அனைத்தும் அப்பெயரைக் கடந்தே அவரை வந்தடைய வேண்டும். இந்நிலை எவ்வாறு உருவாகிறது என்பதைச் சமூகவியலார் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவர்தம் விளக்கத்தைத் தமிழ்ச்சூழலில் பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கோட்பாட்டின் தோற்றமும் வளர்ச்சியும்

மனிதர் தம்மைப் பற்றிக் கொள்ளும் எண்ணம் பிறருடன் நிகழும் இடைவினையில் உருவாகிறது என்பது இச்சிந்தனை மரபின் அடித்தளம். பிறர் கண்ணாடியாக நிற்க, அதில் தெரியும் உருவையே ஒருவர் தம் உருவாகக் கொள்கிறார் என்றார் சார்லஸ் கூலி (1902). ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் இக்கருத்தை மொழியோடும் குறியீட்டோடும் இணைத்து விரித்தார். குற்றநடத்தையும் பிற நடத்தைகளைப் போலவே நெருங்கிய குழுக்களில், பேச்சின் வழியாகவும் பழக்கத்தின் வழியாகவும் கற்கப்படுகிறது என்று எட்வின் சதர்லாந்து விளக்கினார். இவர்கள் குற்றத்தைப் பிறவிக்குணம் என்னும் பழங்கருத்திலிருந்து விடுவித்தனர்.

அடுத்த படியில் வினா திசைமாறியது. 'அவர் ஏன் அதைச் செய்தார்?' என்பதோடு 'அதைச் செய்த பலருள் அவர் மட்டும் ஏன் அப்பெயர் பெற்றார்?' என்பதும் கேட்கப்பட்டது. ஃபிராங்க் டானன்பாம் 1938இல், தீய செயல் என்று தொடங்கிய பேச்சு படிப்படியாகத் தீய ஆள் என்று முடிவதைச் சுட்டிக்காட்டினார். எட்வின் லெமர்ட் 1951இல் இருநிலைகளைப் பிரித்தார். பல காரணங்களால் எவரிடமும் நிகழக்கூடிய மீறல் முதல்நிலைப் பிறழ்வு. அதற்குச் சமூகம் காட்டும் எதிர்வினைக்கு ஈடுகொடுக்கும் முயற்சியில் ஒருவர் அப்பெயரையே தம் வாழ்முறையாக ஏற்பது இரண்டாம்நிலைப் பிறழ்வு. ஹாவர்ட் பெக்கர் 1963இல் வெளியிட்ட நூலில், விதியை வகுத்து அதைச் சிலர்மீது பொருத்துவதாலேயே சமூகம் 'வெளியாட்களை' உருவாக்குகிறது என்றார். ஒருவரின் பிற அடையாளங்கள் அனைத்தையும் அடக்கி மேலெழும் அடையாளத்தைத் தலைமைத் தகுநிலை என்று அவர் விளக்கினார். அதே ஆண்டில் எர்விங் காஃப்மன், களங்கம் சுமப்போர் அன்றாட இடைவினைகளில் தம்மைப் பற்றிய செய்தியை மறைத்தும் வெளிப்படுத்தியும் வாழும் நுட்பத்தை ஆராய்ந்தார்.

இக்கோட்பாட்டின் கருத்தைத் தமிழ் இலக்கணம் எளிதில் விளக்கவல்லது. வினை காலம் காட்டும். பெயர் காலம் காட்டாது. வினையாலணையும் பெயரோ பெயராயினும் காலம் காட்டும். 'திருடினான்' என்னும்போது செயல் ஒரு காலத்துக்குள் நிகழ்ந்து முடிகிறது. 'திருடியவன்' என்னும்போது ஆள் சுட்டப்படுகிறான். எனினும் இறந்தகால இடைநிலை அச்செயலை இறந்தகாலத்திலேயே நிறுத்துகிறது. 'திருடன்' என்னும்போது காலம் நீங்கிவிடுகிறது. அவன் நேற்றும் திருடன், இன்றும் திருடன், உறங்கும்போதும் திருடன். லெமர்ட் கூறிய முதல்நிலையிலிருந்து இரண்டாம்நிலைக்குச் செல்லும் வழி, சொல்லளவில் 'திருடினான்' என்பதிலிருந்து 'திருடன்' என்பதற்குச் செல்லும் வழியாகும்.

பெயர் பெறுவோரும் பெறாதோரும்

செய்தவர் அனைவரும் பெயர் பெறுவதில்லை என்பது கோட்பாட்டின் மற்றொரு கூறு. வில்லியம் சாம்பிளிஸ் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற சான்று. அமெரிக்கப் பள்ளியொன்றில் பயின்ற இரு மாணவர் குழுக்களை அவர் கண்டறிந்தார். வசதியான குடும்பத்து எண்மரும் ஏழைக் குடும்பத்து அறுவரும் ஏறத்தாழ ஒரே அளவில் விதிகளை மீறினர். முன்னவர் ஊருக்கு வெளியே வாகனத்தில் சென்று மீறினர். பிடிபட்டபோது பணிவுடன் பேசித் தப்பினர். நல்ல பிள்ளைகள் என்றே பெயரெடுத்தனர். பின்னவரோ ஊரார் கண்ணெதிரே தெருமுனையில் நின்றனர், எதிர்த்துப் பேசினர், போக்கிரிகள் எனப்பட்டனர். கண்ணில் படுதல், பேசும் முறை, பார்ப்பவரின் முன்முடிவு ஆகிய மூன்றும் பெயர் யாருக்குச் செல்லும் என்பதை முடிவு செய்தன.

இதனைக் 'காரண இடுகுறி' என்னும் இலக்கணக் கருத்தோடு ஒப்பிடலாம். முள்ளுடையது என்னும் காரணத்தால் 'முள்ளி' என்னும் பெயர் அமைந்தது. ஆனால் முள்ளுடைய செடிகள் அனைத்தும் முள்ளி எனப்படுவதில்லை; இடுகுறியாய் ஒரு செடிக்கே அப்பெயர் நின்றது. குற்றப்பெயரும் இத்தகையதே. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. எனினும் காரணம் உடையார் அனைவரையும் அது சென்று சேர்வதில்லை. காரணத்தை மட்டும் காண்பவர் பெயரை நியாயம் என்பர்; இடுகுறித்தன்மையை மட்டும் காண்பவர் அதைக் கற்பனை என்பர். இரண்டும் சேர்ந்தே அப்பெயர் இயங்குகிறது.

'கேடி' என்னும் சொல்

தமிழ்ப் பேச்சுவழக்கில் வேரூன்றிய 'கேடி' என்னும் சொல் காவல் நிலையப் பதிவேட்டிலிருந்து வந்தது. 'நோன் டெப்ரடேட்டர்' என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளான 'கே.டி.' என்பதே அதன் மூலம். அறியப்பட்ட சூறையாளர் என்பது அதன் பொருள். சென்னை மாகாணக் காவல்துறை, கண்காணிப்புக்குரியோரை வகைப்படுத்திப் பதிவேடுகளில் எழுதியபோது பயன்படுத்திய குறியீடு அது. அலுவலகச் சுருக்கக்குறி தெருவுக்கு வந்தபோது தமிழ்ச்சொல்லாகவே கேட்டது. 'முள்' என்பதிலிருந்து 'முள்ளி' வந்தாற்போலக் 'கேடு' என்பதிலிருந்து 'கேடி' வந்ததாகக் கொள்ளுதல் கேட்போருக்கு இயல்பாயிற்று. பதிவேட்டுக் குறி இவ்வாறு குணத்தின் பெயராகத் தோற்றம் கொண்டது. எழுதியவர் மறைந்தார், எழுதப்பட்டவரின் இயல்பே அப்பெயருக்குக் காரணம் என்பதுபோல் சொல் நின்றது.

மூலத்தொடரில் உள்ள 'அறியப்பட்ட' என்னும் செயப்பாட்டுவினை கருதத்தக்கது. யாரால் அறியப்பட்டவர் என்னும் வினாவுக்கு அத்தொடரில் விடையில்லை. செயப்பாட்டுவினை அறிந்தவரை மறைத்து அறியப்பட்டவரை மட்டும் நிறுத்துகிறது. பெக்கர் மீட்க முயன்றது மறைந்துபோன இந்த வினைமுதலையே.

இன்றைய வழக்கில் இச்சொல்லின் எடை பேசுபவரையும் கேட்பவரையும் பொறுத்து மாறுகிறது. குறும்பு செய்யும் பிள்ளையைத் தாய் 'சரியான கேடி' என்னும்போது அதில் கொஞ்சல் உண்டு. 2006இல் 'கேடி' என்றும், 2013இல் 'கேடி பில்லா கில்லாடி ரங்கா' என்றும் திரைப்படங்கள் வந்தன. காவல் நிலையத்தில் இதே சொல்லைக் கேட்கும் இளைஞனுக்கு அது கொஞ்சலாகாது. சொல்லின் பொருள் அகராதியில் மட்டும் இல்லை, இடைவினையிலும் இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

பிறப்பே முத்திரையான காலம்

தனிமனிதர்மீது பெயரிடும் முறைக்கு இணையாக, குழுவுக்கே பெயரிடும் முறையும் காலனிய ஆட்சியில் நடைமுறையில் இருந்தது. 1871இல் இயற்றப்பட்ட குற்றப் பழங்குடியினர் சட்டம் 1911ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்திலும் செயற்பட்டது. அறிவிக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் எச்செயலும் செய்யாத நிலையிலேயே பதிவுக்கும் கைரேகைக்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டுக்கும் உள்ளாக நேர்ந்தது. இங்கே வினையே இல்லை. பெயர் முதலில் வந்தது.

உப்பும் தானியமும் சுமந்து விற்ற குறவர், இருப்புப்பாதையாலும் அரசின் உப்புக் கொள்கையாலும் வாணிகம் இழந்த பின்னரே குற்றக்குழுவாகப் பார்க்கப்பட்டனர் என்று மீனா ராதாகிருஷ்ணா தம் நூலில் (2001) காட்டியுள்ளார். அலைந்து திரிதல் வாணிகமாக இருந்தவரை அதற்கு ஒரு பெயர். வாணிகம் போனபின் அதே அலைதலுக்கு வேறொரு பெயர். கம்பம் பள்ளத்தாக்கின் பிரமலைக் கள்ளரை ஆராய்ந்த ஆனந்த் பாண்டியனின் நூல் (2009), புறத்தே சுமத்தப்பட்ட முத்திரை மக்களின் சொந்த ஒழுக்கப் பேச்சுக்குள்ளும் நுழைந்து தங்கியதை விரிவாகக் காட்டுகிறது. ஊர்க்காவல் புரிந்தோரே கள்வராகப் பதிவு செய்யப்பட்ட முரணும் இங்கு நினைக்கத்தக்கது. கைரேகைப் பதிவை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது. ஒரு பெயரை மறுப்பதற்கு உயிரை விலையாகக் கொடுத்த நிகழ்ச்சி அது.

சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் நீக்கப்பட்டது. அதன்பின் தமிழில் 'சீர்மரபினர்' என்னும் பெயர் ஆக்கப்பட்டது. 'குற்றம்' என்னும் அடையை அகற்றிச் 'சீர்' என்னும் அடையைத் தந்த இச்சொல்லாக்கம், முத்திரையைச் சொல்லாலேயே மாற்ற முயன்ற அரிய முயற்சியாகும். ஆனால் 1948ஆம் ஆண்டின் வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம், குழுவின் இடத்தில் தனிமனிதரை வைத்துக் கண்காணிப்பைத் தொடர்ந்தது. பெயர் மாறியது, பதிவேடு மூடப்படவில்லை.

இடப்பெயரின் சுமை

வடசென்னையில் முத்திரை இடத்தின்மீதும் படிந்துள்ளது. 1856இல் இராயபுரத்தில் தொடங்கிய இருப்புப்பாதையும், 1875இல் பணி தொடங்கிய செயற்கைத் துறைமுகமும், பெரம்பூரின் பக்கிங்காம் கர்னாடிக் ஆலைகளும், பின்னர் எழுந்த மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளும் இப்பகுதியை உழைப்பாளர் நகராக்கின. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் உருவானது இவ்வாலைத் தொழிலாளரிடையேதான். ஆலைத் தொழிலாளி, துறைமுகத் தொழிலாளி, மீனவர் என்பன இங்கு ஒருவருக்குக் கிடைத்த பெயர்கள்.

1983இல் துறைமுகத்தில் சரக்குப்பெட்டக முனையம் வந்தது. கைச்சுமை வேலை குறைந்தது. 1996இல் ஆலைகள் மூடப்பட்டன. இம்மாற்றத்தை முத்திரைக் கோட்பாட்டோடு இணைத்துப் பார்க்க இடமுண்டு. தலைமைத் தகுநிலை என்பது பிற அடையாளங்களை வென்று மேலெழுவது. போட்டியிட வேண்டிய தொழிற்பெயர்கள் ஒவ்வொன்றாய் விலகும்போது, காவல் நிலையம் தந்த பெயர் எதிர்ப்பின்றி மேலேறுகிறது. ஆலைத் தொழிலாளியாக இருந்த தந்தை ஒருமுறை அடிதடி வழக்கில் சிக்கியபோதும் அவர் ஆலைத் தொழிலாளியே. நிலையான தொழிற்பெயர் இல்லாத மகனுக்கு அவ்வழக்கே பெயராகிறது.

தமிழ்த் திரைப்படமும் செய்தி நடையும் இதில் பங்கு கொள்கின்றன. 'மெட்ராஸ்' (2014) போன்ற சில படங்கள் இப்பகுதியின் வாழ்வை உள்ளிருந்து காண முயன்றன. ஆயினும் கத்தியும் பழிவாங்கலுமே வடசென்னையின் இயல்பு என்னும் காட்சிமரபு பெருவழக்காயிற்று. 'பிரபல ரவுடி வெட்டிக்கொலை' என்பது நாளிதழ் வாசகர் நன்கறிந்த தலைப்பு வடிவம். இதில் கொலையுண்டவர் கொலையுண்டவராகவும் நிற்பதில்லை. இறந்த நிலையிலும் 'ரவுடி' என்னும் பெயரே அவருக்கு எழுவாய்.

பாராட்டிலும் இதே நிழல் விழுகிறது. வியாசர்பாடியின் கால்பந்தாட்டமும் இப்பகுதியின் கேரமும் குத்துச்சண்டையும் நெடிய மரபுடையன. 2024இல் உலகக் கேரம் போட்டியில் தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்தவர். இத்தகைய வெற்றிகளைக் குறிக்கையில் 'வடசென்னையிலிருந்தும் ஒருவர்' என்று தொடர் அமையுமானால், அந்த 'உம்' இழிவுசிறப்பும்மையாகிறது. வெற்றி முத்திரையை உடைப்பதற்குப் பதிலாக, விதிவிலக்காக நின்று விதியை உறுதி செய்கிறது.

முத்திரை மனிதரோடு இடமும் பெயர்கிறது. நீர்நிலைக் கரைகளிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் ஆகிய தென்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்க்கப்பட்டோர், வேலை கேட்கும்போது முகவரியை மறைக்க நேர்வது பலமுறை பதிவாகியுள்ளது. காஃப்மன் விளக்கிய மறைத்து வாழும் உத்தி இங்கு அஞ்சல் முகவரியின் வடிவில் காணப்படுகிறது.

சட்டச் சொல்லும் நீதிமன்றமும்

தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் எண் சட்டம், கள்ளச்சாராயம் விற்போர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், குடிசைநில அபகரிப்போர் எனப் பல வகையினரைத் தடுப்புக்காவலில் வைக்க வழிசெய்கிறது. தடுப்புக்காவலின் உச்ச வரம்பு 12 மாதம். மக்கள் வழக்கில் இதன் நெடும்பெயர் சுருங்கிக் 'குண்டர் சட்டம்' ஆயிற்று. பல வகைகளுள் ஒன்றன் பெயர் முழுமைக்கும் ஆகிவந்தது. இதன் விளைவாக, திருட்டுக் குறுந்தகடு விற்றவரும் 'குண்டாஸில் உள்ளே போனவர்' ஆனார். சட்டம் இடாத பெயரை வழக்காறு இட்டது. தடுப்புக்காவல் ஆணையை உயர்நீதிமன்றம் நீக்கினாலும், தெருவில் வழங்கும் அப்பெயரை நீக்கும் ஆணை எதுவுமில்லை.

காவல் நிலையத்தின் சரித்திரப் பதிவேடு பற்றி உச்சநீதிமன்றம் பலமுறை ஆராய்ந்துள்ளது. கடக் சிங் வழக்கில் (1962) இரவில் வீடு புகுந்து பார்க்கும் முறை செல்லாது எனப்பட்டது. மலக் சிங் வழக்கில் (1981) கண்காணிப்புப் பதிவேட்டில் பெயர் சேர்க்க நியாயமான அடிப்படை வேண்டும் எனப்பட்டது. ஆனால் சேர்க்குமுன் அவர் கருத்தைக் கேட்கத் தேவையில்லை என்றும் கூறப்பட்டது. இடைவினை நோக்கில் இது முக்கியமான செய்தி. பெயரிடும் உரையாடலில் பெயர் பெறுபவருக்குப் பேச இடமில்லை. 2024ஆம் ஆண்டு மே மாதம் அமானத்துல்லா கான் வழக்கில், பின்தங்கிய சமூகங்களைச் சேர்ந்த குற்றமற்றோர் இயந்திரத்தனமாக இப்பதிவேட்டில் சேர்க்கப்படும் போக்கு குறித்து நீதிமன்றம் கவலை தெரிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கின் தீர்ப்பு, சிறை விதிகளில் சாதி அடிப்படையில் வேலை பகுக்கும் பகுதிகளையும் சீர்மரபினரைப் பழக்கக் குற்றவாளிகளாகக் கருதும் குறிப்புகளையும் நீக்கியது. காலனியப் பெயரீட்டின் எச்சம் 2024 வரை அச்செழுத்தில் உயிரோடிருந்தது என்பதற்கும் அத்தீர்ப்பே சான்று.

கோட்பாட்டின் எல்லைகள்

முத்திரைக் கோட்பாடு முழு விளக்கமாகாது. முதற்செயல் ஏன் நிகழ்ந்தது என்பதற்கு அதனிடம் போதிய விடையில்லை. முத்திரை இல்லாமலேயே வன்முறையில் நிலைப்பவரும் உளர். முத்திரைக்கு அஞ்சி விலகுவோரும் உளர். பிரிட்டனின் டெய்லர், வால்டன், யங் ஆகியோர் 1973இல் எழுதிய நூலில், பெயரிடும் அலுவலரை மட்டும் பார்த்துப் பெயரிடும் அதிகாரத்தின் பொருளாதார வேரைக் காணத் தவறுவதை விமரிசித்தனர். பெக்கரே 1974இல், இதைக் குற்றத்தின் காரணத்தைக் கூறும் கோட்பாடாகக் கொள்ளலாகாது, குற்றத்தைக் கூட்டுச்செயலாகப் பார்க்கும் நோக்காகவே கொள்ளவேண்டும் என்று தெளிவுபடுத்தினார்.

பாதிக்கப்பட்டோரின் நிலை இதனினும் முக்கியமானது. வடசென்னையில் கத்திக்கு இரையானவரும் கட்டாய வசூலுக்கு அஞ்சிக் கடை நடத்துபவரும் அதே தெருக்களில் வாழ்பவரே. 'வெறும் முத்திரை' என்று கூறி அவர் பட்ட காயத்தை மறைப்பது நியாயமாகாது. மேலும், பெயர் எப்போதும் வெளியிலிருந்தே வருவதில்லை. தொழில், உடற்குறி, ஊர், ஆயுதம் ஆகியவற்றை முன்னொட்டாகக் கொண்ட பட்டப்பெயர்களைச் சிலர் தாமே விரும்பிச் சூடுகின்றனர். முதல் தகவல் அறிக்கையில் '(எ)' என்னும் குறிக்குப்பின் அப்பெயர் பதிவாகும்போது அது தெருமதிப்பையும் தருகிறது. எனினும் இதுவும் லெமர்ட் கூறிய இரண்டாம்நிலையின் ஒரு வடிவமே. வேறு மதிப்பு கிடைக்காத இடத்தில் அச்சத்தால் கிடைக்கும் மதிப்பு பெயராகிறது.

இச்சிக்கலுக்கு ஜான் பிரைத்வெயிட் 1989இல் ஒரு வழி காட்டினார். செயலைக் கண்டித்து ஆளை மீண்டும் ஏற்கும் வெட்கம் குற்றத்தைக் குறைக்கும். ஆளையே ஒதுக்கும் வெட்கம் குற்றத்தைப் பெருக்கும் என்பது அவர் கருத்து. தமிழ் இலக்கணத்தின் சொற்களில் கூறுவதாயின், பெயரை விடுத்து வினையாலணையும் பெயருக்குத் திரும்புதல் என்று இதைக் கொள்ளலாம். 'கொலைசெய்தவர்' என்பது செயலை மறைக்காது; தண்டனையைக் குறைக்காது; உயிரிழந்தவருக்குரிய நீதியைத் தடுக்காது. ஆனால் அச்செயலுக்கு ஒரு காலம் உண்டென்பதை அது ஒப்புக்கொள்கிறது.

முடிவுரை

நெறிபிறழ்வு செயலாலும் அதற்கான எதிர்வினையாலும் உருவாவது. எதிர்வினையின் முதற்கருவி மொழி. காவல் பதிவேட்டின் சுருக்கக்குறி 'கேடி' எனத் தமிழ்ச்சொல்லானதும், சட்டத்தின் ஒரு வகைப்பெயர் 'குண்டர் சட்டம்' என முழுமைக்கும் ஆகிவந்ததும், வடசென்னை என்னும் திசைப்பெயர் குணப்பெயரானதும் இம்மொழிச்செயலின் வெவ்வேறு முகங்கள். இம்மூன்றிலும் காலம் காட்டும் வினை மறைந்து, காலம் காட்டாப் பெயர் நிற்கிறது. குற்றச்சொற்களின் வரலாறு குற்றவியலாருக்கும் காவல்துறைக்கும் மட்டும் உரியதன்று. சொல் எவ்வாறு பொருள் ஏற்கிறது என்பதை ஆராயும் தமிழாய்வாளருக்கும் அது உரியது. காவல் ஆவணங்கள், நாளிதழ் நடை, திரை உரையாடல், தெருவழக்கு ஆகியவற்றைத் தொகுத்து இச்சொற்களின் வரலாற்றை எழுதுவது அடுத்து ஆற்றவேண்டிய பணி. அப்பணி நிறைவுறும்போது, 'அறியப்பட்டவர்' என்னும் சொல்லில் மறைந்துநிற்கும் 'அறிந்தவர்' யார் என்பதும் தெளிவாகும்.